குவாண்டம் கணினி: பயமும் வேண்டாம், பெருமையடிப்பும் வேண்டாம்

 

"குவாண்டம் கணினி வந்துவிட்டது, இனி வங்கிப் பாஸ்வேர்ட் எல்லாம் உடையும், பிள்ளைகள் கணினி படித்துப் பயனில்லை" என்ற செய்தியை வாட்ஸ்அப்பில் ஆளுக்காள் அனுப்புகிறோம். கேள்விப்பட்டதை விசாரித்துப் பார்க்கச் சொல்வது மார்க்கம் மட்டுமல்ல, விஞ்ஞானமும்தான்.

நடந்தது இதுதான். 2020 டிசம்பரில் சீன விஞ்ஞானிகள் 'ஜியூஜாங்' என்ற கருவியில் கண்ணாடிகளின் சிக்கலான பாதையூடாக ஒளித்துணிக்கைகளை அனுப்பி, எவை எந்த வாசலால் வெளிவருகின்றன என்று பார்த்தார்கள். ஒரே ஓட்டத்தில் 76 ஒளித்துணிக்கைகள் வரை பதிவாகின. 200 வினாடியில் முடிந்த இந்த வேலைக்கு ஜப்பானின் ஃபுகாகு மீக்கணினிக்கு 60 கோடி ஆண்டுகள் செல்லும் என்றார்கள். 2024இல் அமெரிக்காவின் கொலராடோவில் 180 வரையான ஸ்ட்ரொன்சியம் அணுக்களைக் கடுங்குளிராக்கி இதே மாதிரியான பரிசோதனையைச் செய்தார்கள்.

ஆனால் இது ஒரேயொரு குறுகிய வேலை. அதனால் பாஸ்வேர்ட் உடையாது. வழியில் பல ஒளித்துணிக்கைகள் தொலைந்துபோவதைப் பயன்படுத்தி, சாதாரண கணினிமுறையாலேயே இத்தகைய பரிசோதனைகளை எட்டலாம் என்று வேறு விஞ்ஞானிகள் 2024இல் காட்டினார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் சோதித்துப் பார்த்ததை நாங்கள் குறையாக நினைக்கவில்லை. விஞ்ஞானம் வளர்வதே அப்படித்தான். ஆயிரம் வருடங்களுக்கு முன் ஒளியை ஆராய்ந்த இப்னு அல்-ஹைதமும் பரிசோதித்துப் பார்ப்பதையே வலியுறுத்தினார்.

இந்தத் துணிக்கைகளுக்குப் 'போசன்' என்ற பெயர் வந்தது சத்யேந்திரநாத் போஸின் பெயரால். 1924இல் டாக்கா பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டிருந்தபோது அவர் தன் கட்டுரையை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் அதைத் தானே ஜெர்மன் மொழிக்கு மாற்றி வெளியிடச் செய்தார். பெரிய ஆய்வுகூடம் இல்லாத இடத்தில் கணக்கும் கேள்வியும் போதுமாக இருந்தன.

அதனால்தான் சொல்கிறோம்: சாதாரண தரம் முடிந்ததும் "கணிதப் பிரிவு கஷ்டம், வேண்டாம்" என்று பிள்ளைகளைத் திருப்பிவிடாதீர்கள். நாளைய கணினிக்கும் அடித்தளம் அந்தக் கணிதமும் பௌதிகவியலும்தான்.

சனசமூக நிலையத்தில் மாதம் ஒரு மாலை ஒதுக்கினால், இப்படிப் பரவும் ஒரு செய்தியை எடுத்துப் பிள்ளைகளோடு இருந்து சரிபார்ப்போம். வரக்கூடிய ஆசிரியர்களும் பெற்றோரும் கீழே சொல்லுங்கள்.