பூட்டுச் செய்பவரிடம் கேட்கப்படும் சாவி

2018ஆம் ஆண்டு மே மாதம், திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில், பிள்ளை பிடிக்க வந்தவர் என்ற சந்தேகத்தின் பேரில் ஒரு மனிதர் அடித்துக் கொல்லப்பட்டுப் பாலத்தில் தொங்கவிடப்பட்டார். வடமாவட்ட ஊர்களில் அந்நாட்களில் வாட்ஸ்அப் வழியே பரவிக்கொண்டிருந்த வதந்தியே அச்சத்துக்கு விதையிட்டது. மறைகுறியாக்கம் பற்றி எழுதப் புகும் எவரும் அந்தப் பாலத்தைக் கடந்தே வரவேண்டும் என்பது நமது எண்ணம். அந்தரங்கம் என்ற சொல்லை மட்டும் உச்சரித்துவிட்டு நகர்வது நேர்மையாகாது.

இத்தகைய செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று அரசு கேட்கிறது. கேள்வி நியாயமானதே. ஆனால் அனுப்புபவரின் கைபேசியில் பூட்டப்படும் செய்தி பெறுபவரின் கைபேசியில்தான் திறக்கிறது. நடுவில் நிற்கும் நிறுவனத்திடம் சாவி இல்லை. ஆகவே வதந்தி பரப்பியவரை நோக்கிப் புறப்பட்ட கேள்வி, வழியிலேயே திரும்பி, பூட்டைச் செய்த நிரலாளரிடம் வந்து நிற்கிறது.

இந்தத் திருப்பத்தின் ஒரு முக்கியக் கட்டம் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் நிகழ்ந்தது. சமூக ஊடகக் கணக்குகளை ஆதாருடன் இணைக்கக் கோரி 2018இல் தொடரப்பட்ட வழக்கு, போகப்போக, வாட்ஸ்அப் செய்தியின் மூலத்தைக் கண்டறிய முடியுமா என்ற விசாரணையாக மாறியது. முடியும் என்றார் சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் காமகோடி. ஒவ்வொரு செய்தியோடும் முதலில் அனுப்பியவரின் அடையாளத்தைச் சேர்த்து அனுப்பலாம் என்பது 2019இல் அவர் முன்வைத்த யோசனை. மும்பை ஐ.ஐ.டி.யின் மனோஜ் பிரபாகரன் இதை மறுத்தார். செயலியைச் சற்றே மாற்றியமைக்கத் தெரிந்த குற்றவாளி வேறொருவரின் அடையாளத்தை ஒட்டி அனுப்பிவிட முடியும் என்று அவர் சுட்டிக்காட்டினார். மாட்டுவது அப்பாவியாக இருக்கலாம். இரண்டு பேராசிரியர்களும் கணினியியலில் தேர்ந்தவர்கள். நமக்கு மனோஜ் பிரபாகரனின் வாதமே கனமானதாகப் படுகிறது. பின்னர் ஃபேஸ்புக் உச்ச நீதிமன்றத்தை நாட, வழக்கு தில்லிக்குப் போயிற்று.

2021 பிப்ரவரியில், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு புதிய விதிகளை வெளியிட்டது. ஐம்பது லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள செய்திச் செயலிகள், உரிய ஆணை வந்தால், முதலில் அனுப்பியவரைக் கண்டுகாட்டும் வகையில் அமைந்திருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. செய்தியின் உள்ளடக்கத்தைக் கேட்கவில்லையே என்று விதி சமாதானம் சொல்கிறது. இதை 2009ஆம் ஆண்டின் விதிகளோடு ஒப்பிட்டால்தான் மாற்றத்தின் அளவு புரியும். இடைமறிப்பு பற்றிய அந்தப் பழைய விதிகள் கடுமையானவைதாம். ஆயினும் ஓர் எல்லை இருந்தது. நீ பூட்டியதை, அல்லது உன் கையில் சாவி உள்ளதை மட்டும் திறந்து கொடு என்றன அவை. 2021இன் விதியோ, நாளை நான் கேட்கும்போது கொடுக்கத் தக்கதாக இன்றே உன் பொருளைச் செய் என்கிறது. திண்டுக்கல் பூட்டுக்காரரிடம் திருட்டு வழக்கில் சாட்சி சொல்லச் சொல்வது ஒன்று. இனிச் செய்யும் எல்லாப் பூட்டுகளுக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கு ஒரு கொத்துச் சாவி அனுப்பு என்பது முற்றிலும் வேறு.

நிற்க. இலக்கியத்துக்கான பக்கத்தில் இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நம் பக்கங்களில் எழுதுவோரில் பாதிப் பேருக்குச் சோறு போடுவது மென்பொருள். தவிர, சட்டத்தின் வாசகத்தைக் கவிதை போல நின்று நிதானித்துப் படிக்கப் பழகியவர்கள் நாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவில் ஒரு தொடர் வருகிறது: கணினி வளத்துக்குப் பொறுப்பான எந்த நபரும். செய்தியைத் திறந்து காட்ட உதவ மறுத்தால் அந்த நபருக்கு ஏழாண்டு வரை சிறை. நிறுவனம் என்ற கண்ணுக்குத் தெரியாத பொருளை அந்தச் சொற்கள் சுட்டவில்லை. மாதச் சம்பளத்துக்கு வழங்கியைப் பராமரிக்கும், வீட்டுக்கடன் கட்டும், பட்டாபிராமில் ரயில் ஏறும் ஒருவரைத்தான் சுட்டுகின்றன. பெரிய செயலிகளுக்கு 2021இன் விதிகள் இன்னொன்றையும் சேர்த்தன. இந்தியாவில் வசிக்கும் ஒரு தலைமை அதிகாரி பொறுப்பேற்க வேண்டும். நிறுவனம் தவறினால் அவர்மீது வழக்குப் பாயலாம். வேலைவாய்ப்பு விளம்பரத்தில் இது எப்படி எழுதப்படும் என்று நாம் யோசித்ததுண்டு.

ஐம்பது லட்சம் என்ற எண் சிறியவர்களைக் காப்பாற்றும் என்பார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள ஆலைகளுக்கு வருகைப் பதிவும் இயந்திரக் கண்காணிப்பும் செய்து தரும் நால்வர் கொண்ட ஒரு நிறுவனத்தை எண்ணிப் பார்ப்போம். ஷிப்டு மாறும்போது தொழிலாளர்கள் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்ப ஒரு வசதியையும் அதில் சேர்க்கிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் கூலி பற்றி, விபத்து பற்றி அதில் பேசுவார்கள். அந்தப் பேச்சை முதலாளியே படிக்க முடியாதபடி பூட்டுவதுதான் நல்ல பொறியியல். ஆனால் அதே விதிகளில், பயனர் எண்ணிக்கை எவ்வளவாயினும், ஆபத்து உண்டென்று அரசு கருதினால் எந்த இடையீட்டாளரையும் பெரியவர்களுக்கான கடமைகளுக்கு உட்படுத்தலாம் என்றும் இருக்கிறது. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வசதியில்லாத நால்வர் என்ன செய்வார்கள்? பூட்டைத் தளர்த்துவார்கள், அல்லது அந்த வசதியையே நீக்கிவிடுவார்கள். நீதிமன்றத்துக்கு வராத, எவரும் கணக்கெடுக்காத இழப்பு அது.

இந்தக் குழப்பம் புதிதுமல்ல. இணையச் சேவை உரிமங்கள் அனுமதியின்றி 40 பிட் நீளத்துக்கு மேற்பட்ட சாவி கூடாது என்றிருந்த காலத்திலேயே, 2001இல், ரிசர்வ் வங்கி இணைய வங்கிச் சேவைக்கு 128 பிட் வேண்டும் என்றது. 2015 செப்டம்பரில் வெளியான மறைகுறியாக்கக் கொள்கை வரைவோ, செய்திகளைப் பூட்டாத வடிவில் 90 நாள் வைத்திருக்கச் சொன்னது. இத்தகைய மென்பொருளை விற்பவர்கள் அரசிடம் பதிந்து அதன் படியையும் ஒப்படைக்க வேண்டும் என்றது. எதிர்ப்புக் கிளம்பியதும் செப்டம்பர் 22இல் அது திரும்பப் பெறப்பட்டது. 2023 மே மாதத்தில் 14 செயலிகள் முடக்கப்பட்டபோது, எலிமெண்ட், பிரையர் என்ற இரு கட்டற்ற மென்பொருள்களும் அவற்றோடு போயின. மூலநிரலை உலகமே படிக்கும்படி திறந்து வைத்தவர்களும் ஒளித்து வைத்தவர்களும் ஒரே பட்டியலில்! கட்டற்ற மென்பொருளில் பழகித் தொழில் கற்கும் மாணவருக்கு அந்தப் பட்டியல் சொல்லும் சேதி, இந்தத் துறைப்பக்கம் வராதே என்பதுதான்.

அமெரிக்காவிலும் ஒரு காலம் இப்படி இருந்தது. 1991இல் பி.ஜி.பி. என்ற மறைகுறி மென்பொருளை வெளியிட்ட ஃபில் சிம்மர்மன், ஆயுத ஏற்றுமதிச் சட்டத்தை மீறினாரா என்று ஆண்டுக்கணக்கில் விசாரிக்கப்பட்டார். 1996இல்தான் அது கைவிடப்பட்டது. இடையில், 1995இல், எம்.ஐ.டி. பதிப்பகம் அதன் மூலநிரலை அச்சுப் புத்தகமாகவே வெளியிட்டது. நிரலாக இருந்தால் ஆயுதம், புத்தகமாக இருந்தால் கருத்துச் சுதந்திரம்! பிந்தைய பதிப்புகளின் அச்சுப் பக்கங்கள் ஐரோப்பாவில் ஒளிவருடப்பட்டு மீண்டும் மென்பொருளாயின. அச்சுக்கு இப்படியொரு பயன் உண்டென்று நம் சிற்றிதழ்க்காரர்கள் நினைத்திருக்கமாட்டார்கள். ஆஸ்திரேலியா 2018இல் இயற்றிய உதவிச் சட்டத்துக்குப் பின், அந்நாட்டின் ஃபாஸ்ட்மெயில் நிறுவனம் தன் வாடிக்கையாளர்கள் விலகுவதாக முறையிட்டது. சந்தேகம் பொருளின்மேல் மட்டும் விழுவதில்லை. செய்தவரின் ஊரின்மேலும் விழுகிறது. 2024 நவம்பரில் பட்டாபிராமில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அங்கே எழுதப்படும் நிரலை வெளிநாட்டுக்காரர் நம்பி வாங்க வேண்டுமானால், அதில் மூன்றாமவருக்கான கதவு இல்லை என்று எழுதியவர் மனமறிந்து சொல்லக்கூடிய நிலை வேண்டும்.

பழவேற்காட்டுக்குத் திரும்புவோம். அந்தக் கொலை ஊரறிய நடந்தது. கொன்றவர்களைத் தேட எந்தச் செய்தியின் பூட்டையும் உடைக்க வேண்டியிருக்கவில்லை. வதந்தியோ பெற்றவர் ஒவ்வொருவரின் கைபேசியிலும் திறந்தே கிடந்தது. ஊர் ஊராக அதை மறுத்துப் பேசத்தான் ஆட்கள் போதவில்லை. அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி வரம்பு வைத்தது. பூட்டைத் தொடாமலே நிரலாளர்கள் செய்த வேலை அது. இன்னும் முன்பே, இன்னும் கூடுதலாகச் செய்திருக்கலாம் என்ற குற்றச்சாட்டை நாம் முழு மனத்தோடு ஏற்கிறோம்.

2021இன் விதியை எதிர்த்துத் தில்லி உயர் நீதிமன்றம் சென்ற வாட்ஸ்அப்பின் வழக்கறிஞர், மறைகுறியாக்கத்தை உடைக்கச் சொன்னால் நாங்கள் போய்விடுவோம் என்று 2024 ஏப்ரலில் கூறினார். வாட்ஸ்அப்புக்குப் போவதற்கு இடம் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியின் அந்த நால்வர் மறுநாள் காலையிலும் அதே மேசையில், அதே நிரலின் முன்னால்தான் உட்கார வேண்டும்.