தூரத்துல இருக்கறவங்க முதல்ல

உங்க ரோல் நம்பர் என்ன? 10-க்குள்ளயா? அப்போ இந்தக் கட்டுரை உங்களுக்குக் கொஞ்சம் கடுப்பா இருக்கலாம். 50-க்கு மேலயா? வாங்க, பக்கத்துல உட்காருங்க. நமக்குப் பேச நிறைய இருக்கு.

என் பேர் ஆங்கிலத்துல 'வி'யில ஆரம்பிக்குது. பேர் வெச்சது தாத்தா. அவர் மேல எனக்கு வருத்தமில்ல. ஆனா ஒன்னாங்கிளாஸ்ல இருந்தே அட்டெண்டன்ஸ்ல கடைசி, எக்ஸாம் ஹால்ல கடைசி பெஞ்ச், ரெக்கார்ட் நோட்டுல கையெழுத்து வாங்கறதுல கடைசின்னு வாழ்ந்து பழகிட்டேன். இன்னும் பழகாத ஒரே இடம், செமஸ்டர் பிராக்டிகல் வைவா.

போன நவம்பர்ல ஒரு பிராக்டிகல். எங்க கிளாஸ்ல மொத்தமே 32 பேர்தான், எல்லாரும் ஒரே பேட்ச். நான் 31. என் லேப் மேட் 32. எக்ஸ்டர்னல் வந்து உட்காரவே 11 மணி ஆயிடுச்சு. வழக்கம்போல ஒன்னாம் நம்பர்ல இருந்து கூப்பிட ஆரம்பிச்சாங்க. முதல் ஏழெட்டுப் பேர் மதிய சாப்பாட்டுக்கு முன்னாடியே முடிச்சுட்டுப் போயிட்டாங்க. அதுல பாதிப் பேர் ஹாஸ்டல். லேப் வாசல்ல நின்னு பார்த்தா அவங்க ரூம் ஜன்னல் தெரியும்.

என் லேப் மேட் வீடு கிள்ளையையும் தாண்டி உள்ள. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், அங்க இருந்து ஊர் பஸ் பிடிக்கணும். அந்த பஸ்ஸை விட்டா அடுத்தது எப்போன்னு யாருக்கும் தெரியாது. அன்னிக்கு அவ வைவா முடிஞ்சு வெளிய வந்தப்போ மணி 6:15. வெளிய கொட்டற மழை. பஸ் போயிடுச்சு. அவங்க அப்பா டிவிஎஸ் ஃபிஃப்டில வந்து கூட்டிட்டுப் போனார். மறுநாளும் பிராக்டிகல். காலையில அவ கொண்டு வந்த ரெக்கார்ட் நோட்டுல பாதிப் பக்கம் இங்க் கரைஞ்சு போயிருந்துச்சு. ராத்திரி எதுவும் படிக்கலன்னு சொன்னா. வேற எதுவும் சொல்லல.

பக்கத்துல வீடு இருக்கறவங்க முதல்ல, தூரத்துல இருக்கறவங்க கடைசியில. இதை யாரும் திட்டம் போட்டுப் பண்ணல. அகர வரிசை பண்ணுச்சு.

சரி, இதுல கோல்ஃப் எங்க வருதுன்னுதானே கேக்கறீங்க? வருது, இருங்க.

நான் கோல்ஃப் மைதானத்தை நேர்ல பார்த்ததே இல்ல. அன்னிக்கு ராத்திரி கடலூர் பஸ்ல, பி.முட்லூர் தாண்டும்போது, போன்ல ஒரு பழைய வீடியோ வந்துச்சு. 2000-ஆம் வருஷம் அக்டோபர், ஸ்காட்லாந்துல இருக்கற லாக் லோமண்ட். ஐரோப்பியப் பெண்கள் அணியும் அமெரிக்கப் பெண்கள் அணியும் மோதற சோல்ஹைம் கோப்பை. 13-வது குழியில ஸ்வீடன் வீராங்கனை அன்னிகா சோரன்ஸ்டாம் கொஞ்சம் தள்ளி இருந்து ஒரு சின்ன அடி அடிக்கறாங்க. பந்து உருண்டு நேரா குழிக்குள்ள விழுது. கொண்டாட்டம். ஆனா அந்தச் சந்தோஷம் ரொம்ப நேரம் நிக்கல. எதிர் ஜோடியான பாட் ஹர்ஸ்ட், கெல்லி ராபின்ஸ் பக்கத்துல இருந்து ஆட்சேபம் வருது. ராபின்ஸோட பந்துதான் குழியில இருந்து அதிக தூரத்துல இருந்திருக்கு. அதனால முதல்ல அடிக்க வேண்டியது அவங்க. அன்னிகா முறை மாறி அடிச்சுட்டாங்க. அந்த அடி செல்லாது, திரும்ப அடிக்கணும். திரும்ப அடிச்சாங்க. இந்தத் தடவை பந்து உள்ள போகல. உலகத்தோட பெரிய ஆட்டக்காரங்கள்ல ஒருத்தர் அங்கேயே கண் கலங்கி நின்னாங்க. கோப்பையைக் கடைசியில ஐரோப்பா ஜெயிச்சது வேற கதை.

எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. யார் முதல்ல அடிக்கணும்ங்கறதுக்கு ஒரு விளையாட்டு இவ்வளவு அலட்டிக்குமா? விதிகளைத் தேடிப் படிச்சேன். 6.4-ஆம் விதி. நம்ம யூனிட் டூ நோட்ஸை விடச் சின்னது.

விஷயம் இதுதான். ஒவ்வொரு குழிக்கும் ஆட்டம் தொடங்கற இடத்துக்கு 'டீ'ன்னு பேர். நம்ம கேண்டீன் டீ இல்ல. முதல் குழியில யார் முதல்ல அடிக்கறதுன்னு ஏற்கனவே பட்டியல் போட்டிருந்தா அதன்படி. இல்லன்னா அவங்களுக்குள்ள பேசி முடிவு பண்ணலாம், இல்ல காசு சுண்டிப் பார்க்கலாம். அடுத்த குழியில இருந்து, முந்தின குழியை ஜெயிச்சவர் முதல்ல அடிப்பார். அந்த உரிமைக்குப் பேரே 'ஆனர்'. அதாவது மரியாதை. நம்ம ஊர்ல கோயில் திருவிழாவுல முதல் மரியாதை யாருக்குன்னு சண்டை வரும் பாருங்க, கிட்டத்தட்ட அதே சொல்.

ஆனா இந்த மரியாதை டீயோட முடிஞ்சுது. எல்லாரும் முதல் அடி அடிச்ச பிறகு விதி மாறிடும். யார் பந்து குழியில இருந்து ரொம்ப தூரத்துல கிடக்கோ, அவர்தான் அடுத்து. ஜெயிச்சவரா தோத்தவரா, கிளப் தலைவரா புதுசா சேர்ந்தவரா, எதுவும் கணக்கில்ல. பின்தங்கி நிக்கறவர் முதல்ல ஆடணும், மத்தவங்க சத்தம் போடாம காத்திருக்கணும்.

இந்த வரியைத்தான் நான் ரெண்டு தடவை படிச்சேன்.

இதுல இன்னொரு மாற்றமும் நடந்திருக்கு. 2019 ஜனவரி 1-ல புது விதிகள் வந்துச்சு. மொத்த அடிகளைக் கூட்டி ஜெயிப்பைக் கணக்கிடற ஆட்டத்துல, ஆபத்து இல்லாத வரைக்கும், யார் தயாரா இருக்காங்களோ அவங்க முறை மாறி அடிக்கலாம், அப்படி அடிக்கறதை ஊக்குவிக்கறோம்னே எழுதிட்டாங்க. 'ரெடி கோல்ஃப்'னு பேர். காரணம், ஆட்டம் இழுத்துக்கிட்டே போகக் கூடாது. ஒரு குழிக்கு ஒரு ஜெயிப்புன்னு ஒத்தைக்கு ஒத்தை ஆடற ஆட்டத்துல மட்டும் பழைய முறை அப்படியே இருக்கு. அங்கேயும் ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா மாத்திக்கலாம். கோட்டு சூட்டுன்னு நாம கிண்டல் பண்ற பணக்கார விளையாட்டு மரியாதையை விட்டுக் கொடுத்து, நேரத்தைக் காப்பாத்தக் கத்துக்கிட்டு இருக்கு. நாம?

நமக்கும் இது தெரியாதது இல்ல. தேவனாம்பட்டினம் பீச்ல கிரிக்கெட் ஆடினவங்களைக் கேளுங்க. பேட் ஓனர் முதல்ல பேட்டிங்னு ஒரு காலம் உண்டு. அவன் அவுட்டானதும் பேட்டைத் தூக்கிட்டுப் போயிடுவான், அதோட ஆட்டம் காலி. அதுக்கு நாமளே ஒரு வழி கண்டுபிடிச்சோம். மணல்ல ஒன்னு, ரெண்டு, மூணுன்னு எழுதி, மேல பேட்டைப் படுக்க வெச்சு மறைச்சு, ஆளுக்கு ஒரு கோட்டைத் தொடச் சொல்லுவோம். யாருக்கு எந்த நம்பரோ அதுதான் பேட்டிங் ஆர்டர். பேட் ஓனருக்கு ஒன்பதாவது நம்பர் வந்தாலும் வாயைத் திறக்க முடியாது. பத்து வயசுல நாம போட்ட சட்டம் இது.

சிதம்பரத்துல ஆனித் தேரும் மார்கழித் தேரும் பார்த்திருப்பீங்க. அஞ்சு தேர். முன்னாடி பிள்ளையார் தேர், கடைசியில சண்டிகேஸ்வரர் தேர். திருவிழாவே நடராஜருக்குத்தான், ஆனா அவர் தேர் முதல்ல வர்றதில்ல. பெரியவர் யாரோ அவர்தான் முதல்லன்னு வரிசை இருக்கணும்னு அவசியமில்ல. வரிசைக்கு ஒரு காரணம் இருந்தா போதும், அது எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தா போதும்.

இப்போ சொல்லுங்க, வைவாவுக்கு அகர வரிசை எதுக்கு? மார்க் ஷீட்ல நம்பர் வரிசை இருக்கு, அதனாலன்னு சொல்லுவாங்க. மார்க் எழுதறது அந்த வரிசையில இருக்கட்டும். ஆளைக் கூப்பிடறதும் அதே வரிசையில இருக்கணுமா?

நியாயமா ஒன்னு ஒத்துக்கணும். முன்னாடி போறவங்களுக்கும் கஷ்டம் இருக்கு. 'ஏ'யில பேர் ஆரம்பிக்கற என் நண்பன் ஒருத்தன் சொன்னான்: "நீங்கல்லாம் வெளிய வர்றவனைப் பிடிச்சு என்ன கேட்டாங்கன்னு கேட்டுப் படிச்சுட்டு உள்ள போறீங்க. நான் நாலு வருஷமா கண்ணைக் கட்டிக்கிட்டுத்தான் போறேன்." உண்மைதான். கோல்ஃப்லயும் இது உண்டு. குழிக்குப் பக்கத்துல முதல்ல தள்றவர் பந்து எந்தப் பக்கம் வளையுதுன்னு பார்த்து அடுத்தவர் பாடம் படிச்சுக்குவார். ஆக, முதல்ல போறவனுக்குக் கேள்வி தெரியாது, கடைசியில போறவனுக்கு பஸ் கிடைக்காது. ஒரே வரிசையை நாலு வருஷம் மாத்தாம வெச்சா ரெண்டு பக்கமும் அடி விழுது, அதுவும் அதே ஆளுங்களுக்கே விழுது. என் கோபமே அதுதான். ஒரு நாள் கடைசியா நிக்கறதுல ஒன்னும் குறைஞ்சு போயிட மாட்டோம். எட்டு செமஸ்டரும் ஒருத்தியே கடைசியா நிக்கறது நியாயம் இல்ல.

"விட்டா எல்லாரும் எனக்குத்தான் அவசரம்னு சொல்லுவாங்களே"ன்னு நீங்க கேக்கலாம். சரியான கேள்வி. கோல்ஃப்ல இதுக்கும் பதில் இருக்கு. மொத்த அடிக் கணக்கு ஆட்டத்துல சும்மா முறை மாறி அடிச்சா தண்டனை இல்ல. ஆனா ரெண்டு பேர் பேசி வெச்சுக்கிட்டு, ஒருத்தருக்கு லாபம் வர்ற மாதிரி முறை மாத்தி ஆடினா, பேசினவங்க எல்லாருக்கும் ஆளுக்கு ரெண்டு அடி தண்டனை. நம்பிக்கை கொடு, ஏமாத்தினா பிடி. நாமளும் அதைச் செய்யலாம். யார் எந்த ஊர், எந்த பஸ்னு கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும். கிள்ளைக்குப் போறேன்னு சொல்லி முன்னாடி போயிட்டு, சாயங்காலம் கேண்டீன்ல பஜ்ஜி சாப்பிடறவனை அடுத்த தடவை நாமளே கடைசியில நிறுத்திடுவோம்.

அதனால அடுத்த பிராக்டிகலுக்கு முன்னாடி மூணு விஷயம் கேட்போம்.

ஒன்னு: தூரத்துல இருந்து வர்றவங்க, பஸ் குறைவா இருக்கற ஊர்க்காரங்க முதல்ல. காட்டுமன்னார்கோயில், பரங்கிப்பேட்டை, கிள்ளை பக்கத்து உள்ளூர்கள். ஒரு கிளாஸ்ல அஞ்சாறு பேர்தான் இருப்பாங்க.

ரெண்டு: மீதிப் பேருக்குச் சீட்டுக் குலுக்கல். இல்லன்னா ஒரு லேபுக்கு முன்னாடி இருந்து, அடுத்த லேபுக்குப் பின்னாடி இருந்து.

மூணு: கூப்பிடும்போது ரீடிங் முடிக்காம முழிக்கறவனுக்காக எல்லாரும் காத்திருக்க வேணாம். யார் தயாரோ அவங்க உள்ள போகட்டும்.

இதுக்குப் போராட்டம் எதுவும் வேணாம். கிளாஸ் ரெப் முந்தின நாளே ஒரு தாள்ல வரிசையை எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, லேப் இன்சார்ஜ்கிட்ட மரியாதையா கொடுத்தா போதும். எக்ஸ்டர்னலுக்கு வேண்டியது 32 பேரும் முடிக்கணும்ங்கறது மட்டும்தான்.

நான் 31-ஆவது ஆளா இருந்து இதை எழுதறேன், சுயநலம்னு தோணலாம். என் கணக்கைச் சொல்லிடறேன். கடலூருக்கு பஸ்ஸுக்குப் பஞ்சமில்ல. இந்த வரிசை வந்தா என் இடம் பெருசா மாறாது. நான் நின்னுக்கறேன். எனக்கு வேண்டியது ஒன்னுதான். அடுத்த நவம்பர்ல, மழைக்கு முன்னாடி, 32-ஆம் நம்பர் அவ ஊர் பஸ்ல ஏறியிருக்கணும்.

உங்க கிளாஸ்ல குழியில இருந்து ரொம்ப தூரத்துல நிக்கறது யாரு? இன்னிக்கு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல ஒரு தடவை திரும்பிப் பாருங்க.