பூட்டிய அலமாரியில் ஒரு பை

வறிய நாடுகளின் பிரசவ அறைகளில் பச்சிளங் குழந்தைகள் மடிவதைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், "பாவம், அங்கே கருவிகள் இல்லையே!" என்று இரங்குகிறோம். உண்டியலில் எதையேனும் இட்டுவிட்டு அமைதியும் கொள்கிறோம். அந்த அமைதிக்கு நமக்கு உரிமையில்லை என்பதே என் வாதம்.

பிறக்கும் நூறு குழந்தைகளுள் ஏறத்தாழப் பத்துக் குழந்தைகளுக்கு மூச்செடுக்கப் பிறர் உதவி தேவைப்படுகிறது. ஈரத்தைத் துடைத்து முதுகை வருடினாலே அவற்றுள் பல அழத் தொடங்கிவிடும். எஞ்சிய சில குழந்தைகளுக்குத்தான் ஆம்பு பையை அழுத்திக் காற்றைச் செலுத்த வேண்டும். நிறைமாதக் குழந்தைக்குத் தொடக்கத்தில் பிராணவாயு உருளைகூட வேண்டியதில்லை. அறையிலுள்ள காற்றே போதும். ஆனால் முதல் நிமிடத்திற்குள் தொடங்கியாக வேண்டும்.

ஆய்வுக்கு வரும் அதிகாரி "ஆம்பு பை உண்டா?" என்று வினவுகிறார். "உண்டு" என்று குறி இடப்படுகிறது. அலமாரியின் சாவி யாரிடம் உள்ளது? முகமூடி பச்சிளங் குழந்தையின் முகத்திற்கு உரியதா, பெரியவர்களுக்கு உரியதா? இரவில் தனித்துப் பணிபுரியும் செவிலி அதை இறுதியாகக் கையிலெடுத்தது எப்போது? இவற்றையெல்லாம் அந்தக் குறி சொல்வதில்லை.

"பயிற்சி அளித்துவிட்டோமே!" என்பார்கள். தான்சானியாவின் வடபகுதியில் ஹைடம் என்னும் ஊரில் லூத்தரன் சபையார் நடத்தும் மருத்துவமனை ஒன்று உண்டு. 2010-இல் அங்கே ஒருநாள் பயிற்சி நடந்தது. ஏழு மாதங்களுக்குப் பின் பொம்மையை வைத்துச் சோதித்தபோது, உயிர்ப்பிக்கும் முறையில் தேறியவர்கள் 18 விழுக்காட்டிலிருந்து 74 விழுக்காடாக உயர்ந்திருந்தனர். மகிழ வேண்டிய செய்திதான். ஆயினும் பிரசவ அறையில், உண்மைக் குழந்தைகளிடத்தில், பையைப் பயன்படுத்தும் வழக்கம் மாறவேயில்லை! சான்றிதழ் பெற்ற கைகள் பழைய கைகளாகவே இருந்தன.

2011-இல் அவர்கள் வழியை மாற்றினர். பொம்மையைப் பிரசவ அறையிலேயே வைத்து, வாரந்தோறும் மூன்று முதல் ஐந்து நிமிடம் பழகச் செய்தனர். மாதம் ஒருமுறை நாற்பது நிமிட மறுபயிற்சி. ஓராண்டில், பிறந்த 24 மணி நேரத்துக்குள் இறந்த குழந்தைகள் ஆயிரத்துக்கு 11.1 என்பதிலிருந்து 7.2 ஆகக் குறைந்தனர். புதுக் கட்டடம் எழவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தான்சானியாவின் எட்டு மருத்துவமனைகளில் இத்தகைய பயிற்சியின் பயனை அளந்து 2013-இல் வெளியிட்டனர். முதல்நாள் மரணங்கள் 47 விழுக்காடு குறைந்தன. அப்போதுதான் இறந்து பிறந்தவை என எழுதப்பட்டவையும் 24 விழுக்காடு குறைந்தன. இறந்து பிறந்த குழந்தையைப் பையால் எழுப்ப முடியுமா? முடியாது. அப்படியானால் முன்பு அவ்வாறு எழுதப்பட்டவற்றுள் சில, நெஞ்சு துடிக்கத் துடிக்கப் பிறந்தவை அல்லவா? அந்தத் தாய்மாரிடம் "இறைவன் சித்தம்" என்று ஆறுதல் சொல்லப்பட்டிருக்கும். நம்முடைய தவறுகளுக்கு இறைவனைக் கையெழுத்திடச் சொல்வது எவ்வளவு எளிதாகிவிட்டது!

நம் அருள்சகோதரியர் பலர் ஆப்பிரிக்க மருத்துவமனைகளில் உழைக்கின்றனர். அவர்களுக்கு நாம் அனுப்ப விரும்புவது நன்கொடையாளர் பெயர் பொறித்த கட்டடத்தை. தவறினால் விலையுயர்ந்த கருவியை. தண்ணீர் நிரப்பிய பொம்மையில் பெயர் பொறிக்க இடமில்லை. வாரந்தோறும் ஐந்து நிமிடம் ஒதுக்கும் மேற்பார்வைச் செவிலியின் ஊதியத்திற்குத் திறப்பு விழாவும் கிடையாது. அடுத்த விண்ணப்பம் வரும்போது, எத்தனை படுக்கைகள் என்று கேட்பதற்கு முன், அலமாரிச் சாவி இரவில் யாரிடம் இருக்கிறது என்று எழுதிக் கேளுங்கள்.