இந்தியா இந்தத் தீவை இணைத்துக்கொண்டால் எமக்கு விடிவா? மாந்தைக் கரையில் இருந்து ஒரு பதில்

"இந்தியா இந்தத் தீவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டால் எங்கள் பிரச்சினை ஒரே நாளில் தீர்ந்துவிடாதா?"

இந்தக் கேள்வி எம்மவரிடையே புதிதல்ல. 1983 இற்குப் பின்னர் நம்பிக்கையோடு கேட்கப்பட்டது. 2009 இற்குப் பின்னர் ஆற்றாமையோடு கேட்கப்பட்டது. 2022 இல் நாடு வங்குரோத்து அடைந்து, இந்தியா ஏறத்தாழ 4 பில்லியன் டொலர் அளவுக்குக் கைகொடுத்தபோது மீண்டும் தலைதூக்கியது. கிறீன்லாந்தை அமெரிக்காவுக்கு எடுத்துக்கொள்ளப் படைபலத்தைப் பயன்படுத்தமாட்டேன் என்று உறுதி கூற 2025 ஜனவரியில் டொனால்ட் ட்ரம்ப் மறுத்ததில் இருந்து, "அமெரிக்கா கேட்கலாம் என்றால் இந்தியா ஏன் கேட்கக்கூடாது?" என்ற வாதமும் அதோடு சேர்ந்துகொண்டது.

இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்க நான் தயாரில்லை. திருக்கேதீஸ்வரத்தைச் சூழ்ந்த இந்த மண்ணில் இருந்து பார்த்தால் இக்கேள்வியின் நியாயம் கண்ணுக்குத் தெரியும். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே உள்ளது ஏறத்தாழ 30 கிலோமீற்றர் கடல். ஷெல்லுக்கும் சுற்றிவளைப்புக்கும் அஞ்சிய எமது சனம் இந்தக் கரைகளில் இருந்துதான் வள்ளம் ஏறி மண்டபம் முகாமுக்குப் போனது. கொழும்பு எங்களுக்குத் துப்பாக்கியாகவும், மறுகரை எங்களுக்குத் தஞ்சமாகவும் இருந்த காலம் அது. அப்படி வாழ்ந்த சனம் மறுகரையோடு சேர்ந்துவிட்டால் என்ன என்று எண்ணுவதில் வியப்பில்லை.

ஆனால் ஓர் அரசியல் கோரிக்கையை அதைப் பெற்ற துயரத்தைக் கொண்டு மட்டும் அளக்க முடியாது. அது நிறைவேறினால் எமது கையில் என்ன மிஞ்சும் என்றும் கேட்க வேண்டும்.

ஏற்கெனவே ஒருமுறை நடந்தது

இந்தத் தீவு பெரிய அயலவரால் இணைக்கப்படுவது கற்பனை அல்ல. அது நடந்தது, அதுவும் எமது ஊரை மையமாகக் கொண்டு. 993 அளவில் முதலாம் இராசராசன் காலத்தில் தொடங்கிய சோழப் படையெடுப்பு, அவன் மகன் இராசேந்திரன் காலத்தில் ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடிப்பதில் முடிந்தது. ஈழம் 'மும்முடிச் சோழமண்டலம்' ஆயிற்று. மாதோட்டம் 'இராசராசபுரம்' ஆயிற்று. தாழி குமரன் என்ற சோழ அதிகாரி இங்கே இராசராச ஈஸ்வரம் என்ற கோயிலை எடுப்பித்ததை இங்கு கிடைத்த கல்வெட்டு சொல்கிறது. அதே காலத்தில் ஈழத்து ஊர்கள் சில, தஞ்சைப் பெருங்கோயிலுக்கு நெல்லும் காசும் அனுப்பக் கட்டுப்பட்டிருந்ததைத் தஞ்சைக் கல்வெட்டு சொல்கிறது.

சைவமும் தமிழும் பேசிய ஓர் அரசு எமது ஊரைச் சேர்த்துக்கொண்டபோது முதலில் செய்தது ஊரின் பெயரை மாற்றியது. அடுத்தது விளைச்சலில் ஒரு பங்கைத் தலைநகருக்குத் திருப்பியது. 1070 அளவில் முதலாம் விஜயபாகு சோழரை வெளியேற்றினான். சோழர் கப்பல் ஏறினார்கள். ஆனால் அந்தப் படையெடுப்பின் நினைவு சிங்கள வரலாற்று நூல்களில் தங்கிவிட்டது. 'வடக்கில் இருந்து வரும் ஆபத்து' என்ற அச்சத்துக்கு இன்றுவரை தீனி போடுவது அந்த நினைவுதான். அந்த அச்சத்தின் விலையைச் சோழர் கொடுக்கவில்லை; இங்கேயே இருந்தவர்கள் கொடுத்தார்கள், கொடுக்கிறார்கள்.

பின்னர் 1560 இல் மன்னாரையும் 1619 இல் யாழ்ப்பாண அரசையும் எடுத்துக்கொண்ட போர்த்துக்கேயர் திருக்கேதீஸ்வரத்தை இடித்தார்கள். சோழர் கோயில் கட்டினார்கள், போர்த்துக்கேயர் கோயில் இடித்தார்கள். இரண்டு காலத்திலும் எமது ஊரைப் பற்றிய முடிவு கடலுக்கு அப்பால்தான் எடுக்கப்பட்டது.

பெரிய நாட்டின் கணக்கு

அண்மைக்கால உதாரணங்களில் இந்தியாவை நேரடியாகக் குறிப்பது சிக்கிம். 1950 உடன்படிக்கை மூலம் இந்தியாவின் பாதுகாப்பில் இருந்த சிக்கிம், 1975 ஏப்ரலில் நடந்த வாக்கெடுப்பின் பின்னர் மே 16 அன்று இந்தியாவின் 22 ஆவது மாநிலம் ஆனது. அந்த வாக்கெடுப்பின் நேர்மை பற்றிய சர்ச்சை இன்றும் உண்டு. ஆயினும் அங்கே மன்னராட்சியை வெறுத்த, நேபாள வம்சாவளிப் பெரும்பான்மை ஒன்று இந்தியாவோடு நின்றது. இங்கே நிலைமை தலைகீழ். ஏறத்தாழ முக்கால் பங்கினர் சிங்களவர்களாக உள்ள தீவு இது. 1987 உடன்படிக்கைக்கும் இந்தியப் படையின் வருகைக்கும் எதிராகவே ஜே.வி.பி. தெற்கைத் தீயில் இட்டது.

சிக்கிமைவிட எமக்குப் பாடமாக வேண்டியது கிழக்குத் திமோர். 1975 டிசெம்பரில் படையெடுத்த இந்தோனேசியா அடுத்த ஆண்டு அதைத் தனது மாகாணமாக அறிவித்தது. 1999 வாக்கெடுப்பு வரையிலான 24 ஆண்டுகளில் மோதலாலும் பட்டினியாலும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2002 இல்தான் அந்த நாடு சுதந்திரம் பெற்றது. விருப்பமில்லாத மக்களைச் சேர்த்துக்கொண்ட பெரிய நாடு அங்கே வைத்திருந்தது ஒரு படைமுகாமைத்தான்.

படைமுகாம் எப்படி இருக்கும் என்பது எமக்கும் தெரியும். 1987 யூலை 29 உடன்படிக்கையோடு வந்த இந்திய அமைதிப்படையை எமது சனம் மாலை போட்டு வரவேற்றது. மூன்று மாதம் ஆகவில்லை. ஒக்டோபர் 21, 22 இல் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குள் வைத்தியர்களும் தாதியர்களும் நோயாளர்களும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். 1990 மார்ச்சில் அந்தப் படை வெளியேறியபோது 1,100 இற்கும் மேற்பட்ட இந்தியப் படையினரும் இங்கே உயிரிழந்திருந்தார்கள். விருந்தாளியாக வந்த படையின் கதை இது. உரிமையாளனாக வரும் படை இதைவிட மென்மையாக இருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

நாங்கள் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

முதலாவது, ஆட்களைப் பற்றியது. இந்திய மண்ணில் 40 ஆண்டுகளாக வாழும் ஈழ அகதிகளில் மிகப் பெரும்பாலானோருக்கு இந்தியா இன்னும் குடியுரிமை வழங்கவில்லை. அங்கே பிறந்து, அங்கே படித்து, அங்கே பிள்ளை பெற்றவர்களும் முகாம் பதிவில் இருக்கிறார்கள். 2019 இல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டம் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளில் இருந்து வந்த இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் பிறருக்கும் வழிவிட்டது. இலங்கையில் இருந்து வந்தவர்கள் அதில் இல்லை. வாசலில் நிற்கும் எமது உறவுகளை உள்ளே எடுக்காத நாடு, எமக்காக ஒரு தீவையே எடுத்துக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது எப்படி?

இரண்டாவது, எம்மைக் கேட்டுத்தான் முடிவெடுப்பார்களா என்பது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மிகுதி 1,50,000 பேரின் தலைவிதி 1974 இல் பாதிக்குப் பாதியாகப் பிரிக்கப்பட்டது. அவர்களிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. இரயிலில் தலைமன்னாருக்குக் கொண்டுவரப்பட்டு, இறங்குதுறையில் கப்பல் ஏற்றப்பட்டார்கள். மனிதர்களையே இப்படிப் பங்கிட்ட இரண்டு தலைநகரங்களும், எமது நிலத்தின் எதிர்காலம் பற்றி எமது வாசலுக்கு வந்து கேட்கும் என்று நான் எண்ணவில்லை.

மூன்றாவது, வாக்குறுதியைப் பற்றியது. 'இணைப்பு' என்ற சொல் எமக்குப் பழக்கமானது. 1987 உடன்படிக்கை வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாக இணைத்தது. அதில் இந்தியப் பிரதமரின் கையொப்பம் இருந்தது. 2006 ஒக்டோபரில் இலங்கை உயர் நீதிமன்றம் அந்த இணைப்பு செல்லாது என்று தீர்ப்பளிக்க, 2007 இல் இரு மாகாணங்களும் பிரிந்தன. டில்லியால் அதைத் தடுக்க முடியவில்லை, அல்லது தடுக்க விரும்பவில்லை. இந்தியாவுக்குள்ளேயே பார்த்தாலும், சிறப்பு உரிமைகளின் உறுதியோடு சேர்ந்த ஜம்மு–காஷ்மீர் 2019 ஓகஸ்டில் அந்த உரிமைகளையும் மாநிலத் தகுதியையும் ஒருசேர இழந்தது. பெரிய நாட்டோடு சேரும்போது எழுதித் தரப்படுவதைப் பெரிய நாடே அழிக்க முடியும். அப்போது முறையிட வெளியே ஒரு ஜெனீவாவும் இருக்காது. எல்லாம் அவர்களின் 'உள்நாட்டு விவகாரம்' ஆகிவிடும்.

கடலும் மின்சாரமும்

மன்னார்க் கடற்றொழிலாளியிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். 1974, 1976 உடன்படிக்கைகள் வரைந்த கடல் எல்லைக் கோடுதான், மறுகரை இழுவைப்படகுகளிடம் தனது வலைகளைப் பறிகொடுத்தவனின் கையில் இருக்கும் ஒரே சட்ட ஆதாரம். இழுவை மடித் தொழில் இங்கே 2017 இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. அந்தக் கோடு அழிந்தால் தமிழகத்தின் இழுவைப்படகுகளுக்குப் பேசாலைக் கடல் வீட்டுக்கடல் ஆகும். தமிழர் என்ற உறவு உண்மையானது. ஆனால் அந்த உறவு ஒருநாளும் வலையைத் திருப்பித் தந்ததில்லை.

கொடி ஏற்றி இணைக்கும் காலம் போய்விட்டது என்றும் வைத்துக்கொள்வோம். இன்று நடப்பது வேறு வகையான இணைப்பு. 2023 யூலையில் ரணில் விக்கிரமசிங்கவும் நரேந்திர மோடியும் வெளியிட்ட தொலைநோக்கு ஆவணம் மின்வலையமைப்பு இணைப்பு, எரிபொருள் குழாய், தரைவழிப் பாலம் ஆகியவற்றைப் பேசியது. 2025 ஏப்ரலில் அநுரகுமார திசாநாயக்கவின் அரசு மோடியுடன் பாதுகாப்பு, மின்சாரம் உட்பட ஏழு உடன்பாடுகளில் ஒப்பமிட்டது. முன்னைய மின்னிணைப்புத் திட்ட வரைபுகளில், தமிழகக் கரையில் இருந்து வரும் கடலடி வடம் கரையேறும் இடமாகக் குறிக்கப்பட்டது வேறெங்கும் அல்ல, திருக்கேதீஸ்வரம்தான்.

ஆனால் அந்தக் கையொப்பங்கள் இடப்பட்டபோது வடக்கில் தெரிவுசெய்யப்பட்ட மாகாணசபை ஒன்று இருக்கவில்லை. அதன் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்துவிட்டது. அதே 13 ஆவது திருத்தத்தின் பிள்ளைதான் அந்தச் சபை. அதைப் பெற்றுத் தந்ததாக உரிமை கொண்டாடுவதும் இந்தியாதான். எமது கரையில் எந்த வடம் ஏறும், எந்தக் காற்றாலை நிற்கும் என்பது எமது சபை இல்லாமலே பேசப்படுகிறது.

ஆயினும் இதிலும் ஒரு பாடம் உண்டு. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவோட் காற்றாலைகளை அமைக்கவிருந்த அதானி நிறுவனம், விலையை மீளப் பேச அரசு முயன்ற நிலையில் 2025 பெப்ரவரியில் விலகியது. அதே ஆண்டு புதிய காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் மக்கள் வீதியில் இறங்கினார்கள். கத்தோலிக்கர், இந்துக்கள், முஸ்லிம்கள் என்று பிரியாமல் இறங்கினார்கள். 2019 இல் திருக்கேதீஸ்வர வளைவை வைத்து மதத்தால் பிளக்கப் பார்க்கப்பட்ட மாவட்டம் இது. இந்து இந்தியா வந்து காப்பாற்றும் என்ற பேச்சு இந்த மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டவர்களைக் கதவுக்கு வெளியே விட்டுவிடும். காற்றாலைப் போராட்டமோ எல்லோரையும் ஒரே வீதியில் நிறுத்தியது.

கல்லும் எலும்பும்

திருக்கேதீஸ்வர ஆலயப் புனரமைப்புக்கு இந்தியா 326 மில்லியன் ரூபா வழங்கியது. மாமல்லபுரத்துச் சிற்பக்கலையின் உதவியோடு கருங்கல் திருப்பணி நடந்து, 2022 இல் குடமுழுக்கு ஆனது. அதற்கு நன்றி சொல்ல நான் தயங்கவில்லை. அதே திருக்கேதீஸ்வரத்தில் 2013 டிசெம்பரில் குடிநீர்க் குழாய்க்கு நிலம் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிவந்தன. 80 இற்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் எடுக்கப்பட்டன. அவர்கள் யார், யார் கொன்றது என்ற கேள்விக்கு இன்றுவரை விடை இல்லை. அந்த விடையைத் தேடக்கூடிய ஒரே மேடையான மனித உரிமைகள் பேரவையில், 2012, 2013 தீர்மானங்களை ஆதரித்த இந்தியா, 2014, 2021, 2022 வாக்கெடுப்புகளில் நடுநிலை வகித்தது.

கல்லுக்கு வந்த உதவி எலும்புக்கு வரவில்லை. இதில்தான் எமது கோரிக்கை எதுவாக இருக்க வேண்டும் என்பதும் இருக்கிறது. இந்தியா எம்மை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்பது, கொழும்பிடம் இருந்த எமது தலைவிதியை டில்லியிடம் ஒப்படைப்பது. அத்தோடு சிங்களப் பேரினவாதத்துக்கு அது இலவசமாகக் கிடைக்கும் தேர்தல் பிரசாரம்.

கேட்க வேண்டியவை வேறு. அவை சிறியவை, ஆனால் செய்யக்கூடியவை. 1987 இல் இட்ட கையொப்பத்துக்கு மதிப்புக் கொடுத்து மாகாணசபைத் தேர்தலை வலியுறுத்துங்கள். முகாம்களில் உள்ள எமது உறவுகளில் விரும்பியவர்களுக்குக் குடியுரிமை கொடுங்கள். இழுவைப்படகுகளை நிறுத்துங்கள். ஜெனீவாவில் நடுநிலை வகிக்காதீர்கள். எமது கரையில் ஏறும் எந்த வடத்துக்கும் எமது சபையோடும் பேசுங்கள்.

இவற்றுக்குத் தீவை இணைக்கத் தேவையில்லை, ஓர் எல்லைக் கோட்டையும் அழிக்கத் தேவையில்லை. இத்தனையையும் செய்ய மனமில்லாத ஒரு நாடு எம்மை இணைத்துக்கொண்டாலும், எமக்குக் கிடைக்கப்போவது இன்னொரு பெயர் மாற்றம் மட்டுமே. மாதோட்டத்துக்கு அந்த அனுபவம் ஏற்கெனவே உண்டு.