மறுபடியும் வலையை இறக்குவோம்



துன்பம் நேர்ந்த வீட்டினுள் நுழைந்ததும், "எல்லாம் இறைவன் சித்தம்" என்று சொல்லிவிடுவது எம்போன்ற குருக்களுக்கு எளிது. அச்சொல் கேட்பவர் நெஞ்சில் எவ்வாறு விழுகிறது என்பதை 2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தின் முதல் வாரத்தில் நான் கற்றுக்கொண்டேன்.

நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் நம் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேலாக மழை கொட்டிற்று. தாழ்வான பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. மக்களைப் படகுகளில் மீட்க இராணுவத்தினர் வரவேண்டியதாயிற்று. நீர் வடிந்தபின் பங்கு மக்களின் இல்லங்களைச் சந்திக்கச் சென்றேன். கணவனை இழந்து, தையல் தொழிலால் இரு பிள்ளைகளை வளர்த்து வரும் ஒரு தாயின் வீட்டு வாயிலில் நின்றேன். சேறு படிந்த தையல் இயந்திரம் திண்ணையில் கிடந்தது. கிறிஸ்துமசுக்கென்று பிறர் தைக்கக் கொடுத்திருந்த புதுத்துணிகள் கறைபட்டுக் கொடியில் தொங்கின.

வழக்கமான ஆறுதலை நான் சொன்னேன். அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "சாமி, தானே புயலிலே கூரை போயிற்று, கடன் வாங்கிப் போட்டேன். கொரோனா வந்து பிழைப்புப் போயிற்று. இப்போது இது. இதுவும் அவர் சித்தந்தானா? இன்னும் எத்தனை தடவை முதலிலிருந்து தொடங்குவது?" என்றார்.

விடை சொல்ல எனக்கு நா எழவில்லை.

அக்கேள்வியைச் சுமந்தவாறே மறுநாள் மிஷன் வீதி வழியாகச் சென்றவன், ஜென்மராக்கினி மாதா பேராலயத்துக்குள் சற்று நேரம் அமர்ந்தேன். எத்தனையோ முறை திருப்பலி நிறைவேற்றிய அப்பேராலயத்தின் வரலாறு அன்று எனக்குப் புதிதாய்ப் பொருள்பட்டது. 1692இல் இயேசு சபையினர் எழுப்பிய முதல் ஆலயம், 1693இல் டச்சுக்காரர் நகரைக் கைப்பற்றியபோது அழிந்தது. அடுத்து எழுந்ததும் நிலைக்கவில்லை. 1728 முதல் 1736 வரை அரும்பாடுபட்டுக் கட்டிய மூன்றாம் ஆலயத்தை, 1761இல் நகரைப் பிடித்த ஆங்கிலேயர் தகர்த்தனர். இன்று நாம் காண்பது நான்காவது ஆலயம். 1791இல் அபிஷேகம் செய்யப்பட்டது. இடையில் முப்பது ஆண்டுகள்! கோபுரத்தைக் காணாமலே கண்மூடிய முன்னோர் எத்தனை பேரோ?

இடித்த கைகளை இறைவனின் கைகள் என்று நாம் சொல்வதில்லை. அவை போரிட்ட மனிதரின் கைகள். மீண்டும் கல்லெடுத்து வைத்த கைகளிலேயே இறைவனின் சித்தத்தைக் காண்கிறோம். இந்த வேறுபாட்டை அந்த வீட்டு வாயிலில் நான் மறந்து போனேன்.

இப்பேராலயத்தை நம் மக்கள் சம்பா கோயில் என்று அழைக்கின்றனர். புனித சின்னப்பரின் பிரெஞ்சுப் பெயரே மக்கள் நாவில் அவ்வாறு திரிந்ததென்பர். அந்தச் சின்னப்பர் மும்முறை கப்பற்சேதத்துக்கு ஆளானதாகத் தாமே எழுதியுள்ளார். துன்பத்தை அவர் இனிப்பென்று சொல்லவில்லை. ஆனால் அதன்பின்னும் கப்பல் ஏறினார்.

கெனசரேத்து ஏரிக்கரையில் இராயப்பரையும் எண்ணிப் பாருங்கள். இரவெல்லாம் உழைத்து ஒன்றும் அகப்படாமல், வலைகளை அலசிக்கொண்டிருந்த நேரம் அது. மறுபடியும் ஆழத்தில் வலை வீசுமாறு ஆண்டவர் கேட்கிறார். ஏன் இரவெல்லாம் மீன் கிடைக்கவில்லை என்பதற்கு அவர் விளக்கம் தரவில்லை. அதே படகில் ஏறி உடன் அமர்ந்திருந்தார். வலை கிழியும் அளவுக்கு மீன் நிறைந்தபோதும், மற்றப் படகிலிருந்த தோழர்கள் கைகொடுக்க வேண்டியிருந்தது. வெறுங்கையோ நிறைந்த வலையோ, தனியொருவரால் இழுக்கக்கூடியதன்று.

அன்று மாலையே அந்த அம்மாவிடம் திரும்பச் சென்று, "உங்கள் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை, அம்மா; நேற்று அவசரப்பட்டுப் பேசிவிட்டேன்" என்றேன். அவ்வூர் அன்பியத்துப் பெண்கள் இருவர் கறைபட்ட துணிகளைத் துவைத்துத் தர முன்வந்தனர். இயந்திரத்தைப் பிரித்துத் துடைத்து எண்ணெயிட்டார் ஓர் இளைஞர், மோட்டார் பிழைக்கவில்லை, காலால் மிதிக்கும் பழைய இயந்திரம் ஒன்றை அண்டை வீட்டு இந்துச் சகோதரி கொடுத்துதவினார். கிறிஸ்துமஸ் இரவு வரை அந்த வீட்டில் விளக்கு எரிந்தது. கடன் இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆயினும் அவர் மறுபடியும் தொடங்கினார். இம்முறை தனியாக அன்று.

அன்பார்ந்தவர்களே, கந்துவட்டியும், வேலையின்மையும், நெடுநாள் நோயும், குடியால் குலைந்த குடும்பமும் புயலைப் போல் செய்தித்தாளில் வருவதில்லை. அவை நம் அடுத்த வீட்டிலேயே இருக்கலாம். இம்மாதம் அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்குச் செல்லுங்கள். இறைவன் சித்தத்தை விளக்குவதற்கு முன், வலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளுங்கள். துன்பத்திலிருப்பவரோ, கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். இராயப்பரும் சைகை காட்டித்தான் தோழரை அழைத்தார்.

நம் படகில் உடன் அமர்ந்திருக்கும் ஆண்டவர், மறுபடியும் தொடங்கும் துணிவை உங்கள் இல்லங்களுக்கு அருள்வாராக!