நம்பிக்கையும் மறுப்பும்

நுழையும்முன்

கடவுள் உண்டு என்பார் சிலர். இல்லை என்பார் சிலர். இவ்விரு சாராரும் ஒரே ஊரில், ஒரே தெருவில், ஏன், ஒரே வீட்டிலும் வாழ்கின்றனர். அவர்கள் எவ்வாறு மனம் ஒத்து வாழ இயலும்? இவ்வினாவை ஆராயும் கருத்துக் கட்டுரை இப்பாடம்.

பொருள் தேடும் உயிர்

விலங்குகள் பசி தீர்ந்தால் ஓய்கின்றன. மனிதன் பசி தீர்ந்த பின்னரும் ஓய்வதில்லை. 'நான் ஏன் பிறந்தேன்? இறந்தவர் எங்கே சென்றனர்? நல்லவர்க்கு ஏன் துன்பம் நேர்கிறது?' என்று அவன் உள்ளம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இக்கேள்விகள் ஏட்டில் மட்டும் வாழ்வன அல்ல. நம் மலைகளிலேயே எழுந்தவை.

2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, இடுக்கி மாவட்டம் ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த லயங்கள் மண்ணுள் புதைந்தன. 70 பேரை அந்த ஓர் இரவு கொண்டுபோயிற்று. அவர்கள் நம்மைப் போலவே தமிழகத்திலிருந்து பிழைப்புக்காக மலையேறிய குடும்பத்தினர்.

அந்நிகழ்வை நோக்கி இருவகைக் கேள்விகள் எழுகின்றன. 'மலை எவ்வாறு சரிந்தது?' என்பது முதற்கேள்வி. பெருமழை, செங்குத்தான சரிவு, நீரை உண்டு கனத்த மண் ஆகியவற்றைக் கொண்டு அறிவியல் இதற்கு விடை கூறும். 'எங்களுக்கு ஏன் நேர்ந்தது?' என்பது இரண்டாம் கேள்வி. இதனை அளக்கும் கருவி எதுவும் இல்லை. ஒருவர் விளக்கேற்றி இறைவனிடம் கேட்கிறார். மற்றொருவர், 'இதற்கு விடையில்லை. எஞ்சியோரைக் காப்பதே நம் கடமை' என்று எழுகிறார். இரண்டும் ஒரே துயரத்திலிருந்து பிறந்தவை. இதனை உணர்ந்தவர், ஒருவரை மூடர் என்றோ மற்றவரை இரக்கமற்றவர் என்றோ கூறமாட்டார்.

ஆஸ்திரிய நாட்டு மனநல மருத்துவர் விக்டர் பிராங்கல், நாசி வதைமுகாம்களில் அடைபட்டு உயிர்மீண்டவர். தம் பட்டறிவை 1946இல் நூலாக வெளியிட்டார். ஆற்றும் பணி, பிறர்மேல் கொள்ளும் அன்பு, தவிர்க்க இயலாத துன்பத்தை எதிர்கொள்ளும் மனநிலை ஆகிய மூன்று வழிகளில் மனிதன் தன் வாழ்வின் பொருளைக் கண்டடையலாம் என்பது அவர் கருத்து. இம்மூன்று வழிகளும் கடவுளை வணங்குபவர்க்கும் திறந்திருக்கின்றன, வணங்காதவர்க்கும் திறந்திருக்கின்றன.

கேட்கும் மரபு

மாறுபட்ட கொள்கைகளைச் செவிமடுப்பது தமிழர்க்குப் புதிதன்று. சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலைக் காப்பியத்தில், சேரர் தலைநகராகிய வஞ்சியில் மணிமேகலை பல சமயக் கணக்கரைக் கண்டு அவரவர் கொள்கையைக் கேட்டறிகிறாள். சைவவாதி, வைணவவாதி, ஆசீவகர், நிகண்டர் எனப் பலரும் அவ்வவையில் உள்ளனர். கண்ணுக்குப் புலப்படாத மறுமையை ஏற்காத பூதவாதியும் அங்கே உள்ளான். அவனது வாதத்தை அவள் ஏற்கவில்லை. 'காட்சி ஒன்றையே நம்பினால் உன் பெற்றோரை எவ்வாறு அறிந்தாய்?' என்னும் பொருள்பட எதிர்வினா எழுப்புகிறாள். எனினும் அவனைப் பேசவொட்டாமல் தடுக்கவில்லை. முதலில் கேட்டாள், பின்னரே மறுத்தாள். இவ்வரிசை முறையே நாம் கற்க வேண்டிய பாடம்.

வைக்கம் காட்டிய வழி

இடுக்கியை அடுத்த கோட்டயம் மாவட்டத்தில் வைக்கம் உள்ளது. அங்குள்ள மகாதேவர் கோயிலைச் சூழ்ந்த சாலைகளில் ஒடுக்கப்பட்ட மக்கள் நடத்தல் கூடாது என்னும் தடை நிலவியது. அதனை எதிர்த்து 1924 மார்ச் 30ஆம் நாள் சத்தியாக்கிரகம் தொடங்கியது. டி.கே. மாதவன், கே. கேளப்பன், பாலக்காட்டு மண்ணில் பிறந்த கே.பி. கேசவ மேனன் முதலியோர் முன்னின்றனர். அவர்கள் சிறைப்பட்டபோது ஈரோட்டிலிருந்து பெரியார் வந்து போராட்டத்தைத் தாங்கினார். இருமுறை சிறை சென்றார். அவர் துணைவியார் நாகம்மையாரும் பங்கேற்றார். துறவியாகிய ஸ்ரீநாராயண குரு பொருளுதவி செய்தார். கிறித்தவராகிய ஜார்ஜ் ஜோசப் உடன் நின்றார். பஞ்சாபிலிருந்து வந்த அகாலிகள் உணவுச்சாலை நடத்தினர். காந்தியடிகள் 1925 மார்ச்சில் வந்தார்.

இறைப்பற்றில் ஆழ்ந்தவரும், பின்னாளில் கடவுள் மறுப்பைத் தம் கொள்கையாக அறிவித்தவரும் ஒரே சாலைக்காகப் போராடினர். கோயிலுக்குள் இருப்பது யார் என்பதில் அவர்கள் கருத்து ஒன்றன்று. கோயிலுக்கு வெளியே மனிதன் நடக்கலாம் என்பதில் அவர்கள் கருத்து ஒன்றே.

குருவும் சீடரும்

'ஒரே சாதி, ஒரே மதம், ஒரே தெய்வம்' என்பது ஸ்ரீநாராயண குருவின் நெறி. அவர்தம் சீடராகிய சகோதரன் ஐயப்பன் அதனை மாற்றி, சாதியும் வேண்டா, மதமும் வேண்டா, தெய்வமும் வேண்டா என்று முழங்கினார். 1917இல் செறாயியில் அவர் நடத்திய சமபந்தி உணவு பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. குருவோ தம் சீடரைக் கைவிடவில்லை, சமபந்தியை ஆதரித்தார். தெய்வம் என்னும் சொல்லில் வேறுபட்டோர், ஒரே பந்தியில் அமர்வதில் வேறுபடவில்லை.

தமிழகத்திலும் இத்தகைய நட்பு மலர்ந்தது. குன்றக்குடி அடிகளார் சைவ மடத்தின் தலைவர், பெரியார் நாத்திகர். சாதி ஒழிய வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர். இராமாயணத்தை உரைநடையில் எழுதியவர் இராஜாஜி; அதனைக் கடுமையாகத் தாக்கியவர் பெரியார். ஆயினும் 1972 டிசம்பரில் இராஜாஜி மறைந்தபோது, முதுமையால் தளர்ந்திருந்த பெரியார் இறுதிச்சடங்கிற்கு வந்து கண்ணீர் வடித்தார். அக்கண்ணீர் கொள்கையின் தோல்வியன்று, நட்பின் வெற்றி.

ஓர் ஐயம்

'இங்ஙனம் பொறுத்துப்போவது கொள்கையில் உறுதியின்மை அன்றோ?' எனச் சிலர் வினவலாம். அன்று. அடிகளார் திருநீற்றைத் துறக்கவில்லை. பெரியார் தம் மறுப்பைக் கைவிடவில்லை. தன் கொள்கையில் ஐயம் உடையவனே பிறர் கொள்கையைக் கண்டு அஞ்சுகிறான், அச்சமே சினமாகிறது.

பொறுமை என்பது தீமையைக் கண்டு வாய் மூடியிருத்தலும் அன்று. நம்பிக்கையின் பெயரால் ஒருவரது வழி அடைக்கப்பட்டால் அதனை எதிர்த்துக் கேட்க வேண்டும். வைக்கத்தில் நிகழ்ந்தது அதுவே. அவ்வாறே, பகுத்தறிவின் பெயரால் துயருற்றவரது வழிபாட்டை எள்ளி நகையாடினால் அதனையும் எதிர்த்துக் கேட்க வேண்டும். கொள்கையை ஆராயலாம், செயலைக் கண்டிக்கலாம், மனிதனை இழிவுசெய்தல் ஆகாது.

நம் அரசியலமைப்பின் 25ஆம் உறுப்பு மனச்சான்றுரிமையை அனைவர்க்கும் வழங்குகிறது. நம்புவதற்கான உரிமையும் நம்பாதிருப்பதற்கான உரிமையும் அதனுள் அடங்கும். 51அ உறுப்போ மக்களிடையே நல்லிணக்கம் வளர்ப்பதையும், அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பதையும் ஒருங்கே கடமைகளாக வைக்கிறது. ஒன்றைக் காக்க மற்றொன்றைக் கைவிட வேண்டியதில்லை என்பதே இதன் குறிப்பு.

நம் கடமை

கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்கள் கறுப்புடை உடுத்திக் குமுளி, வண்டிப்பெரியாறு வழியே சபரிமலைக்குச் செல்வதைக் கண்டிருப்பீர்கள். பெரியார் தொண்டர்கள் அணிவதும் கறுப்புச் சட்டையே. முன்னவர்க்கு அந்நிறம் விரதத்தின் அடையாளம். பின்னவர்க்கு இழிவுநிலையின்மேல் கொண்ட எதிர்ப்பின் அடையாளம். நிறம் ஒன்று, அதற்குப் பொருள் தருவது மனித உள்ளம்.

மாணவர்களே, வாளையாற்றுக்கு இப்பாலும் போடிமெட்டுக்கு இப்பாலும் நாம் மொழிச் சிறுபான்மையினராக வாழ்கிறோம். வகுப்பில் ஒருவர் மட்டும் வேறுபட்டிருந்தால் அவர் உள்ளம் எவ்வளவு கூசும் என்பதை நாம் நன்கு அறிவோம். ஆதலின், இறைவணக்கத்தின்போது கைகூப்பாது அமைதியாக நிற்கும் தோழனை 'நீ நல்லவன் அல்லை' என்று கூறாதீர்கள். நெற்றியில் நீறும் சந்தனமும் அணிந்து வரும் தோழியை 'நீ அறியாதவள்' என்று நகைக்காதீர்கள். இருவரிடமும் 'நீ ஏன் இவ்வாறு எண்ணுகிறாய்?' என்று கேளுங்கள். கேட்டபின், விடை முடியும்வரை காத்திருங்கள்.

சொற்பொருள்

சாரார் – பிரிவினர்
பட்டறிவு – அனுபவம்
செவிமடுத்தல் – கேட்டல்
நிகண்டர் – சமணர்
காட்சி – புலன்களால் நேரே அறிவது
சமபந்தி – அனைவரும் ஒருங்கே அமர்ந்து உண்ணுதல்
மனச்சான்று – மனசாட்சி

சிந்தனை வினாக்கள்

1. பெட்டிமுடி நிகழ்வை ஒட்டி எழும் இருவகைக் கேள்விகள் யாவை?
2. பூதவாதியிடம் மணிமேகலை நடந்துகொண்ட முறையிலிருந்து நீவிர் அறிவது யாது?
3. 'கொள்கையை ஆராயலாம், மனிதனை இழிவுசெய்தல் ஆகாது.' இக்கூற்றை உம் ஊர்ச் சூழலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தந்து விளக்குக.
4. கட்டுரையாசிரியரின் கருத்தில் உமக்கு உடன்பாடில்லாத இடம் உண்டா? காரணம் காட்டி ஒரு பத்தி எழுதுக.