எதிரே வருகிறவரின் கண்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நடந்து போகிறவர், ஜாக்கின் மேல் தூக்கி நிறுத்திய ஒரு பழைய காரையும், கழற்றிய சக்கரத்தின் அருகே சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் அதன் சொந்தக்காரரையும் ஒன்றிரண்டு வாசல்களிலாவது காண்பார். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்ததாலும், திறந்த பின்னரும் வரிகளின் பாரத்தால் புதிய வண்டி நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத பண்டமாகவே நின்றுவிட்டதாலும், இருபது வயதான வண்டியைத் தன் கையாலேயே பேணிக்கொள்ளும் பழக்கம் இந்நகரத்துக் கிருகஸ்தர்களிடம் ஆழமாக வேரூன்றிவிட்டது. அந்தப் பழக்கத்தை நான் மனமார மதிக்கிறேன். என் கவலையெல்லாம், பேணுதல் என்ற எல்லையைத் தாண்டி, பஞ்சிகாவத்தைக் கடைகளில் வாங்கிய பொருளைக் கொண்டு வண்டியின் விளக்கையும் பிரேக்கையும் 'விருத்தி' செய்யப் புறப்படும் உற்சாகத்தைப் பற்றியதுதான்.

சென்ற ஆண்டு மழைக்கால இரவொன்றில் கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் மெதுவாக வண்டி ஓட்டி வந்துகொண்டிருந்தேன். எதிரே வந்த காரின் விளக்குகள் நீலம் பாய்ந்த வெள்ளொளியை என் முகத்தில் கொட்டின. நனைந்த கண்ணாடி முழுவதும் பாலைத் தெளித்தாற்போலாகி, வீதியே மறைந்துவிட்டது. அந்த ஒளி கடந்து போன மறுகணம், பையொன்றை மார்போடு அணைத்தபடி ஒரு மூதாட்டி என் வண்டியின் மூக்குக்கு மூன்று முழத்துக்குள் நின்றுகொண்டிருந்தார். பிரேக் பிடித்தது. அவர் என்னைத் திரும்பியும் பாராமல் கடந்து போனார். நான் வண்டியை ஓரங்கட்டிக் கை நடுக்கம் தீரும்வரை உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் காருக்கு உரியவர் தீய எண்ணம் கொண்டவர் அல்லர் என்பது நிச்சயம். தமக்குப் பாதை நன்றாகத் தெரியவேண்டும் என்று மட்டுமே அவர் விரும்பியிருப்பார். ஆனால் ஹெட்லைட் என்பது வெறும் பல்பு அன்று. பழைய கார்களில் பெரும்பாலும் இருக்கும் 60, 55 வாட் ஹலோஜன் பல்பின் இழை எந்தப் புள்ளியில் நிற்கிறதோ அந்தப் புள்ளியைக் கணக்கிட்டே அதன் பின்னுள்ள பளபளத்த குழிவு வளைக்கப்பட்டிருக்கிறது. அவ்விடத்தில் வடிவமும் அளவும் வேறான எல்.ஈ.டி. பல்பைச் செருகினால், ஒளி வீதியில் விழாமல் எல்லாத் திசையிலும் சிதறுகிறது. ஜப்பானிய வண்டிகளின் டிப் வெளிச்சம் இடப்பக்க ஓரத்தில் சற்று உயர்ந்தும் வலப்பக்கத்தில் தாழ்ந்தும் விழும்படி அமைந்திருப்பது தற்செயலன்று. அந்நாட்டிலும் நம் நாட்டிலும் வாகனங்கள் இடப்புறமாகவே ஓடுவதால், எதிரே வருகிறவரின் கண்ணைக் காப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அந்த ஏற்பாட்டை ஒரு பல்பு அரை மணி நேரத்தில் அழித்துவிடுகிறது. எல்.ஈ.டி. வேண்டாம் என்று 100 வாட் ஹலோஜனைப் போடுகிறவருக்கோ வேறோர் அபாயம்: ஒரு விளக்கு இழுக்கும் மின்சாரம் ஐந்து அம்பியரிலிருந்து எட்டுக்கு மேல் ஏற, ரிலே இல்லாத பழைய வண்டியில் அத்தனையும் ஸ்விட்சின் வழியாகவே ஓடி வயரின் உறையை உருக்கிவிடுகிறது.

வெளிச்சம் மங்கியதற்கு உண்மையான காரணம் வேறெங்கோ இருக்கிறது என்பதே என் அனுபவம். வெயிலில் நின்று நின்று மஞ்சளித்துப்போன பிளாஸ்டிக் முகப்பை நுண்ணிய சாண்ட்பேப்பரால் ஈரத்தோடு தேய்த்து மெருகிட்டு, வெயில் தாங்கும் பூச்சொன்றைப் பூசினால், போன ஒளியின் பெரும்பகுதி திரும்பி வருகிறது. ரயில் பாதைக்கு அப்பால் அலை அடிக்கும் மரைன் டிரைவின் அருகே வண்டி நிறுத்துகிறவர்கள் மற்றொன்றையும் பார்க்கவேண்டும். உப்புக்காற்று பல்பின் இணைப்புகளிலும், உடற்தகட்டோடு சேரும் ஏர்த் வயரின் முனையிலும் பச்சைப் பாசிபோலப் படிந்து மின்சாரத்தை மறிக்கிறது. அதைச் சுரண்டித் துடைத்த அன்றிரவே விளக்கு புதிதாகத் தோன்றும். பிறகு சமதரையில் ஒரு சுவருக்கு எதிரே 10 மீற்றர் தள்ளி வண்டியை நிறுத்தி, விளக்கின் உயரத்தைச் சுவரில் சோக்கினால் குறித்து, டிப் ஒளியின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு ஏறக்குறைய 10 சென்ரிமீற்றர் கீழே விழும்படி திருகாணியைத் திருப்பிவிடலாம். வீட்டு முற்றத்தில் செய்யத்தக்க விருத்தி இதுவே என்பேன்.

பிரேக்கின் விஷயம் இதனினும் கடுமையானது. பெரிய டிஸ்க்கை முன்சக்கரங்களில் மாட்டினால் வண்டி விரைவில் நின்றுவிடும் என்பது பிரமை. வழக்கமான பிரேக்கே சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கவைக்கப் போதுமான பலமுள்ளதாக இருக்கையில், நிறுத்தும் வேலையின் எல்லையை டயரும் தரையுமே தீர்மானிக்கின்றன. முன்னுக்கும் பின்னுக்கும் வகுத்த பலப்பங்கீடு குலைவதுதான் அதில் நேரும் பலன். கடுகண்ணாவை இறக்கத்தில் பிரேக் தளர்ந்து போனதென்று சொல்லும் பலரிடம், பிரேக் ஒயிலைக் கடைசியாக மாற்றியது எப்போது என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன், பதில் வருவதில்லை. அந்தத் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 4 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ்வரை கொதிக்காமல் தாங்கவேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 ஆக இறங்குகிறது. நம்முடைய புழுக்கத்தில் இரண்டாண்டு கிடந்த ஒயில், நீண்ட இறக்கத்தின் சூட்டில் கொதித்துக் குமிழிவிட்டால், மிதித்த கால் வெறுமையில் இறங்கும்.

பேட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, ரப்பர்க் குழாய் வெடித்திருக்கிறதா, வீல் சிலிண்டரில் கசிவு உண்டா என்பவற்றைச் சக்கரம் கழற்றத் தெரிந்த எவரும் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். பழைய லைனர்களில் கல்நார் இருந்திருக்கக்கூடுமாதலால், டிரம்மின் தூசை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுப்பது அவசியம். ஆனால் குழாயைத் திறந்து காற்றெடுக்கும் வேலையை, அதை முன்பே செய்து பழகிய ஒருவர் பக்கத்தில் இல்லாமல் முதன்முறையாக எவரும் தொடக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். விளக்கில் செய்த பிழை உடனே கண்ணுக்குத் தெரியும். பிரேக்கில் செய்த பிழையோ ஒழுங்கையில் ஓட்டிப் பார்க்கையில் ஒளிந்திருந்து, மலைப்பாதையில் வெளிப்படும்.

இதில் அரசாங்கத்துக்கும் ஒரு பங்குண்டு. 2025 ஜனவரியில் 'க்ளீன் ஸ்ரீலங்கா' திட்டத்தோடு, பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் இருந்த மேலதிகச் சோடனைகளைப் பொலிஸார் கழற்றச் சொன்னபோது, உரிமையாளர்களிடமிருந்து பெரும் எதிர்ப்பு எழுந்தது; வீதியில் மறித்துக் கழற்றுவது நிலையான பரிகாரம் ஆகாது. பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் கேட்கும் சட்டம், தனியார் காரிடம் வருடாந்தம் கேட்பது 2008 முதல் நடைமுறையிலுள்ள புகைப் பரிசோதனையை மட்டுமே. இறக்குமதி நின்ற ஐந்தாண்டுகளில் நாட்டின் கார்கள் யாவும் மூப்படைந்திருக்கையில், இந்த ஒன்று போதாது. வருமான அனுமதிப்பத்திரத்துக்காக எப்படியும் வண்டி வந்து நிற்கிற அதே கொட்டகையில், ஒளி விழும் கோணத்தை அளக்கும் கருவியொன்றையும், சக்கரங்களை உருளைகளின் மேல் ஏற்றிப் பிரேக்கின் பலத்தைச் சோதிக்கும் யந்திரமொன்றையும் வைப்பது மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு இயலாத காரியமன்று. முதலாண்டில் எவரையும் தண்டிக்க வேண்டாம். எந்தச் சக்கரம் பிடிக்கவில்லை, எந்த விளக்கு உயர்ந்திருக்கிறது என்பதைத் தாளில் எழுதிக் கொடுத்தாலே, அந்தத் தாளோடு வீடு திரும்பும் மனிதர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜாக்கை எடுக்கும்போது எங்கே கை வைப்பதென்று அறிந்திருப்பார்.